லிஃப்ட்காரர் வீட்டுக் கம்ப்யூட்டர்

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பெயரைக் கேட்கக் கூடாது, வேலையைக் கேட்க வேண்டும் என்பது லிஃப்ட்காரர் அனுபவத்தில் கற்றது. பெயரைச் சொல்லி முடித்தால் அதற்கப்புறம் பயப்படுவதைத் தவிர அவர்களுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. வேலையைப் பற்றிக் கேட்டால் அப்படியில்லை. மேலதிகாரியின் குணத்தில் தொடங்கி, காலையில் மக்கர் பண்ணிய ஸ்கூட்டர்வரை ஒரு சுற்றுப் போய்வருவார்கள். அதற்குள் அவர் மொட்டைமாடி மோட்டார் அறையில் கரண்டை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை அடுத்த மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்.

அன்றைக்கு ஓர் அலுவலகக் கட்டடத்தில் மாட்டிக்கொண்டது ஒரு பெண். மோட்டார் அறை இண்டர்காமில் அவள் குரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"கயிறு அறுந்துடுமாங்க?"

"அறுக்கணும்னு நெனச்சாலும் அறுக்க முடியாதும்மா. நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"மருந்துக் கம்பெனியில... ஆராய்ச்சிப் பிரிவு."

"அப்படின்னா? எலிக்கு ஊசி போடுவீங்களா?"

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எலியெல்லாம் இல்லை, கம்ப்யூட்டரில்தான் வேலை என்றாள். "ஆனா நான் வேலை பாக்குறதவிட எங்க வீட்டு கம்ப்யூட்டர்தான் அதிகமா வேலை பாக்குது. நான் இங்க மாட்டிக்கிட்டு நிக்கிறேன், அது அங்க உக்காந்து கணக்குப் போட்டுட்டு இருக்கும்."

"யாரு போடச் சொன்னா?"

அவள் சொன்னாள். தூர தேசத்தில் ஒரு பல்கலைக்கழகம். அவர்கள் ஒரு நோய்க்கு மருந்து தேடுகிறார்கள். லட்சக்கணக்கான மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது பொருந்துமா, அது பொருந்துமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பூட்டு ஒன்று, சாவி மலைபோல. அவ்வளவையும் போட அவர்களிடம் கம்ப்யூட்டர் இல்லை. அதனால் ஊர் உலகத்தில் யார் வீட்டுக் கம்ப்யூட்டராவது சும்மா கிடந்தால், அதற்கு இணையத்தின் வழியே ஒரு சின்னக் கணக்கை அனுப்புகிறார்கள். அது போட்டு முடித்து விடையைத் திருப்பி அனுப்புகிறது.

"என்ன நோயிம்மா?" என்றார் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே.

"நுரையீரல் இறுகிப் போறது. கொஞ்சம் கொஞ்சமா மூச்சு விடவே முடியாமப் போயிடும்."

லிஃப்ட்காரர் கை சக்கரத்தின் மேலேயே நின்றுவிட்டது.

"ஹலோ? இருக்கீங்களா? ஏன் நின்னுடுச்சு?"

"இருக்கேம்மா, இருக்கேன்," என்று மறுபடியும் சுற்றினார்.

கதவு திறந்ததும் அவள் எல்லோரையும்போல இண்டர்காமில் நன்றி சொல்லிவிட்டு ஓடப் பார்த்தாள். லிஃப்ட்காரர் மொட்டைமாடியிலிருந்து படியில் தடதடவென்று இறங்கி வந்து வழியை மறித்தார். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அந்த இணைய முகவரியைச் சொல்லச் சொல்லித் தன் போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டார். லிஃப்டில் மாட்டியதைவிட இதுதான் அவளுக்கு அதிசயமாக இருந்திருக்கும்.

அவர் கை நின்றதற்குக் காரணம் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். நாலாவது மாடியில் வீடு, வீட்டிலேயே அலுவலகம். ஐம்பது வயதுவரை ஒரு தலைவலி என்று படுத்ததில்லை. அப்புறம் ஒரு வறட்டு இருமல் வந்தது. முதலில் மாடிப்படி ஏறுவதை விட்டார். அடுத்து தெருவுக்குப் போவதை விட்டார். கடைசியில் கட்டிலைவிட்டு எழுவதையும் விட்டார். நுரையீரல் பழைய ரப்பர் மாதிரி இறுகிவிட்டது, ஏன் என்று எங்களுக்கே தெரியாது என்று டாக்டர்கள் கையை விரித்தார்கள். ஒரு நல்ல மனிதர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து மூச்சுக்குக் கெஞ்சிக் கெஞ்சிப் போய்ச் சேர்ந்தார்.

அவர் போன பிறகு அவர் மனைவி, அதாவது அண்ணி, அவருடைய கம்ப்யூட்டரைத் தங்கை வீட்டுக்கே கொடுத்துவிட்டாள். "இதைப் பாக்கப் பாக்க எனக்கு மனசு ஆறல. எடுத்துட்டுப் போயிடுங்க." வரைபடம் போடுகிற கம்ப்யூட்டர், சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரைவிடப் பெரியது, வலுவானது. கூடவே ஒரு நீலக் கட்டம் போட்ட துணியும் வந்தது. மச்சான் வேலை முடிந்ததும் தினமும் அந்தத் துணியால் கம்ப்யூட்டரைப் போர்த்திவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

லிஃப்ட்காரர் மனைவி அதை முன்னறையில் ஜன்னலோரமாக உயரமான மேசைமேல் வைத்தாள். வைத்ததோடு சரி. அதை யாரும் போடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்டுவாள், துணியை உதறுவாள், மறுபடி போர்த்துவாள். அந்த வீட்டில் அது ஒரு கம்ப்யூட்டர் என்பதே மறந்துபோயிருந்தது.

எனவே லிஃப்ட்காரர் வந்து, "அதைப் போடலாம்னு இருக்கேன்," என்றபோது, அவள் கையிலிருந்த பால் புட்டி அப்படியே நின்றது.

அவளுக்கும் ஒரு தொழில் உண்டு. வேலைக்குப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்வாள். முன்னறையில் வரிசையாக நாலைந்து தொட்டில். தெருவில் எல்லோரும் அவளை 'எல்லாருக்கும் அத்தை' என்பார்கள். அழுகிற பிள்ளையை அவள் கையில் கொடுத்தால், ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனால் போகிறது என்று அழுகையை நிறுத்திவிடும்.

"எதுக்கு? பாட்டுக் கேக்கவா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மாட்டிக்கொண்ட பெண், பூட்டு, சாவி, அண்ணனுக்கு வந்த அதே நோய். புட்டியைக் கீழே வைத்தாள்.

"இது முன்னாடியே இருந்திருந்தா அண்ணன் பொழச்சிருப்பானா?"

"தெரியல. இன்னும் தேடிட்டுத்தான் இருக்காங்க."

"சரி, தேடட்டும்," என்று எழுந்து போய்த் துணியை அவளே எடுத்து மடித்துவைத்தாள்.

இப்படித்தான் அந்தக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போக ஆரம்பித்தது. வீட்டைவிட்டு நகராமலே போகிற உத்தியோகம். லிஃப்ட்காரர் அந்த இணையதளத்தில் தன் புனைபெயராக 'லிஃப்ட்' என்றே கொடுத்திருந்தார். கணக்கு ஒன்று வரும். மூன்று நாலு மணி நேரம் மென்று முடித்து, விடையை அனுப்பிவிட்டு அடுத்ததைக் கேட்கும். திரையில் வண்ண வண்ண உருண்டைகளைக் கோத்த மாதிரி ஒரு மூலக்கூறு மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகள் அதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு கிடக்கும். பெட்டிக்குள்ளிருந்து மின்விசிறி ஒரே சீராக 'உம்ம்ம்' என்று இரையும். முதல் வாரம் அத்தை அதைத் திட்டினாள். இரண்டாவது வாரம், அந்த இரைச்சலுக்குப் பிள்ளைகள் சொல்லி வைத்த மாதிரி தூங்குவதைக் கண்டுபிடித்துவிட்டாள். அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வேலையிலிருந்து வந்ததும் லிஃப்ட்காரர் முதலில் பார்ப்பது அந்தத் தளத்தைத்தான். அனுப்பிய விடை சரியாக இருந்தால் பக்கத்தில் ஒரு பச்சைக் குறி விழும். பிள்ளையின் மார்க் ஷீட்டைப் பார்க்கிற அப்பாவைப்போல மேலிருந்து கீழ்வரை பார்ப்பார். பச்சை, பச்சை, எல்லாம் பச்சை.

"என்ன, பாஸ் பண்ணிடுச்சா உங்க பிள்ளை?" என்பாள் உள்ளேயிருந்து.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்."

அப்படியே ஒரு வருஷத்துக்குமேல் ஓடியது. பிறகு ஒருநாள் ஒரு சிவப்புக் குறி விழுந்தது.

'விடை நிராகரிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று விட்டுவிட்டார். மறுநாள் இரண்டு சிவப்பு. அந்த வாரம் முடிவதற்குள் பச்சையைத் தேட வேண்டியிருந்தது.

வேறொருவராக இருந்தால் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். லிஃப்ட்காரர் அப்படியில்லை. அவர் தொழிலில் தப்பான தகவலைப்போல ஆபத்தானது வேறில்லை. கதவு மூடாதபோது 'மூடிவிட்டேன்' என்று ஒரு சுவிட்ச் பொய் சொன்னால் ஆள் உயிர் போய்விடும். ஓடாத லிஃப்டை அவர் மன்னிப்பார். பொய் சொல்லுகிற லிஃப்டை மன்னிக்கவே மாட்டார். இப்போது தன் வீட்டு மெஷினே பொய் சொல்கிறது. அதுவும் எந்த விஷயத்தில்! சரியான சாவியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு 'இது சேராது' என்று தூக்கி எறிந்திருந்தால்?

பெட்டியைத் திறந்து துடைத்தார். மெமரியைக் கழற்றி மாட்டினார். வீட்டுக்கு வருகிற மின்சாரத்தை மீட்டர் வைத்துச் சோதித்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு தப்பும் வரவில்லை.

"இங்க வந்தா ஒழுங்கா ஓடுது, வீட்டுக்குப் போனா தகராறு பண்ணுதுன்னா, பிரச்சினை பெட்டியில இல்லண்ணே," என்றார் கடைக்காரர். "பேய் பிசாசு ஏதாவது இருக்கான்னு பாருங்க."

திரும்பக் கொண்டுவந்து வைத்தார். மறுநாளே சிவப்பு. சந்தேகத்தோடு ஓடவிட மனம் வரவில்லை. நிறுத்திவிட்டார்.

நிறுத்தியதில் முதலில் அல்லாடியது தொட்டில்கள்தான். மத்தியானம் ஒன்றுகூடக் கண்ணை மூடவில்லை. ஒன்று அழ, அதைக் கேட்டு அடுத்தது அழ, வீடு சந்தைக்கடை ஆகிவிட்டது. சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை பிடித்துக்கொண்டாள்.

"அதை ஏன் நிறுத்துனீங்க? ஒரு பிள்ளையும் தூங்கல. என் இடுப்பு ஒடிஞ்சுபோச்சு."

"தப்புத் தப்பா சொல்லுதும்மா. தப்பா சொல்றதுக்கு வாயை மூடிட்டு இருக்கலாம்."

"உங்க தங்கச்சி புருஷன்கூடத்தான் தப்புத் தப்பா பேசுறார். அவரை நிறுத்தியா வச்சிருக்கோம்?"

அவருக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அந்தத் தளத்தில் கலந்துகொள்கிறவர்கள் பேசிக்கொள்ள ஒரு பக்கம் உண்டு. இதுவரை அவர் அதில் எட்டிப் பார்ப்பதோடு சரி. அன்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைக் கூட்டிப் பெருக்கித் தன் குறையை எழுதினார். முதலில் பதில் சொன்னது 'ஆந்தை' என்ற பெயரில் இருந்த ஓர் ஆள். ஏதோ குளிர்ப் பிரதேசத்தில் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவராம். அவர் நீளமாக ஒன்றும் எழுதவில்லை. 'உங்கள் மெஷின் எப்போது தப்புப் பண்ணுகிறது? பகலிலா, இரவிலா? எல்லா நாளுமா?' என்று மட்டும் கேட்டிருந்தார்.

லிஃப்ட்காரர் உட்கார்ந்து பார்த்தார். இரவில் முடிந்த கணக்கெல்லாம் பச்சை. ஞாயிற்றுக்கிழமைக் கணக்கெல்லாம் பச்சை. சிவப்பு விழுந்தது முழுக்க வேலைநாளின் பகலில். அதாவது அவர் வீட்டில் இல்லாத நேரத்தில்.

அவர் இல்லாத நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது? தொட்டிலில் கிடப்பவை எழுந்து வந்து சுவிட்சை நோண்டும் வயதில்லை. மனைவியைக் கேட்கலாம். ஆனால் கேட்டால், 'என்னைச் சந்தேகப்படுறீங்களா?' என்று ஒரு வாரத்துக்குப் பேச்சு ஓடும். எதற்கு வம்பு என்று மெஷினை மறுபடி ஓடவிட்டு, மறுநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள் அத்தை.

"நல்லாத்தான் இருக்கேன். சும்மா இருக்கலாம்னு."

"நீங்களா? சும்மாவா?" என்று இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

பிள்ளைகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு அம்மாவும் பையைக் கொடுத்து, முத்தம் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்து ஓடினாள். அவர் ஒரு மூலையில் பேப்பரை விரித்துக்கொண்டு, பேப்பருக்கு மேலே கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. உருண்டைகள் சுழன்றன.

கொஞ்ச நேரத்தில் வாசலில் தடதடவென்று சத்தம் கேட்டது. தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டும் வேலை சில வாரமாக நடக்கிறது. போகும்போதும் வரும்போதும் பள்ளத்தைத் தாண்டித்தான் போகிறார், ஆனால் அவர் போகும்போது வேலை தொடங்கியிருக்காது, வரும்போது முடிந்திருக்கும். வேலை நடக்கும்போது அதைப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. தார் ரோட்டை இயந்திரம் உடைக்க உடைக்கப் புழுதி ஒரு மேகம்போல எழும்பி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

அத்தை ஒன்றும் பதறவில்லை. தினசரிப் பழக்கம்போல ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். தொட்டில்மேல் மெல்லிய வலைகளை இழுத்துவிட்டாள். அலமாரியைத் திறந்து நீலக் கட்டம் போட்ட துணியை எடுத்தாள். அதை உதறி, கம்ப்யூட்டர் பெட்டியின் தலையிலிருந்து கால்வரை போர்த்தி, பின்பக்கம் காற்று வெளியேறும் ஓட்டையிலும் துணி நன்றாகச் சொருகியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, கையைத் தட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

லிஃப்ட்காரர் கையிலிருந்த பேப்பர் மெதுவாகத் தரைக்கு இறங்கியது.

எழுந்து போய்த் துணிக்கடியில் கையை விட்டுப் பார்த்தார். பெட்டி அனலாகக் கொதித்தது. மின்விசிறி வெளியே தள்ளுகிற சூடு போக வழியில்லாமல் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. பாவம், அந்தச் சூட்டில் மனிதனுக்கே கணக்குத் தப்பும்.

"ஏம்மா," என்று கூப்பிட்டார். கோபம் வரும் என்று நினைத்திருந்தார், வரவில்லை. "இங்க கொஞ்சம் வா."

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இதை எத்தனை நாளா போர்த்துற?"

"ரோடு தோண்ட ஆரம்பிச்சதுலேருந்து. சாயங்காலம் அவங்க போனதும் எடுத்துடுவேன். ஏன்?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"துணி போர்த்துறத என்ன சொல்றது? ஜன்னல் சாத்துறதையும் சொல்லணுமா? தூசி உள்ள போனா மெஷின் கெட்டுப்போகும்னு அண்ணன் சொல்லிட்டே இருப்பான்ல."

"அவர் வேலை முடிச்சு, நிறுத்தினதுக்கப்புறம் போர்த்துவார். இது ஓடிட்டு இருக்கு. இங்க பாரு." அவள் கையைப் பிடித்துப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்தார். சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"இது பின்னாடி இருக்கே, இந்த ஓட்டை, இது வழியாத்தான் சூடு வெளிய போகணும். இதை அடைச்சா..."

அவர் முடிக்கவில்லை. அவள் முகம் மாறிவிட்டது. துணியை ஒரே இழுப்பில் உருவினாள்.

"மூச்சு முட்ட வச்சிட்டேனா?" என்றாள் மெல்லிய குரலில். "அண்ணனுக்கு முட்டின மாதிரி?"

அவள் துணியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, தொட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே ரோட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும்.

சத்தம் நின்றதும் அவள் கேட்டாள். "இத்தனை நாள் இது சொன்ன தப்பான கணக்குல அந்த மருந்து போயிருந்தா?"

"போயிருக்காது. லிஃப்டுக்கு ஒரு கயிறே போதும், ஆளுங்களைத் தாங்கிடும். ஆனா நாங்க ஒன்னோட விடுறதில்ல, நாலஞ்சு போடுறோம். அதே மாதிரி இவங்களும் ஒரே கணக்கை ரெண்டு வீட்டுக்கு அனுப்புவாங்க. ரெண்டு விடையும் ஒத்துப்போனாத்தான் எடுத்துக்குவாங்க. ஒத்துப்போகலன்னா மூணாவது வீட்டுக்குப் போகும். நம்மது தப்புன்னு அப்படித்தான் தெரிஞ்சிருக்கு."

இதைச் சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. இவ்வளவு நாளாகத் தன்னைத் தின்றுகொண்டிருந்த கவலைக்கு விடை தன் வாயிலேயே இருந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் 'கயிறு அறுந்தாலும் விழாது' என்று தைரியம் சொல்கிறவர், தனக்கென்று வந்தபோது ஒரே கயிற்றில் தொங்குவதாக நினைத்துத் தவித்திருக்கிறார்.

அத்தைக்கு அது போதவில்லை. "நீங்க சொன்னா நீங்க சொன்னதுதான். அவங்க சொல்லட்டும். நான் தெரியாம செஞ்சுட்டேன்னு எழுதுங்க."

"பல்கலைக்கழகத்துக்கா?"

"ஆமா. மன்னிப்புக் கேட்டு எழுதுங்க. எங்க அண்ணன் மெஷின்னும் எழுதுங்க."

அவரும் எழுதினார். பதில் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. உலகம் முழுக்க எத்தனையோ ஆயிரம் பேர் கணக்குப் போடுகிறார்கள். இங்கே ஒரு வீட்டில் துணி போர்த்தியதற்கெல்லாம் யார் பதில் போடப் போகிறார்கள்? ஆனால் வந்தது. அந்த ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்கிற பெண் எழுதியிருந்தாள். அவர் ஒவ்வொரு வாக்கியமாகப் படித்துத் தமிழில் சொல்ல, அத்தை ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், எதுவும் கெட்டுப்போகவில்லை. தப்பான விடைகள் எல்லாவற்றையும் ஏற்கெனவே ஒதுக்கிவிட்டோம், அந்தக் கணக்குகளை வேறு வீடுகள் போட்டு முடித்துவிட்டன. எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே போன வருஷம் ஒருவர் தன் ஈரக் கோட்டைக் காய வைக்கிறேன் என்று பெரிய கம்ப்யூட்டர்மேல் போட்டுவிட்டார். அவர் பேராசிரியர். நாங்கள் இன்னும் அவரை மன்னிக்கவில்லை. உங்கள் மனைவியை மன்னித்துவிட்டோம்."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோளில் தூங்கப்போன பிள்ளை குலுங்கி விழித்துக்கொண்டது.

"பேராசிரியரே கோட்டு போட்டாராமா?"

"ஈரக் கோட்டு."

"அப்ப நான் பரவாயில்ல," என்று பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினாள். கடைசியில் ஒரு வரி பாக்கி இருந்தது. அதைப் படிக்கும்போது அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "உங்கள் மனைவியின் அண்ணனுக்காக வருந்துகிறேன். இந்த வேலைக்கு நான் வந்ததற்குக் காரணமே என் அப்பாவுக்கு அதே நோய் வந்ததுதான்."

அத்தை பிள்ளையைக் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சா, தூங்குச்சான்னு கேட்டு எழுதுங்க," என்றாள்.

தூசிக்கு வேறு வழி பண்ணினார்கள். நீலத் துணியை ஜன்னலுக்குத் திரையாகக் கட்டி, வேலை நடக்கிற நேரத்தில் அதில் தண்ணீர் தெளித்துவிட்டாள். புழுதி அங்கேயே நின்றது. பெட்டி சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தது. பச்சைக் குறிகள் திரும்பி வந்தன.

பள்ளத்தை மூடி ரோடு போட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்தாள். துக்கத்துக்கப்புறம் அவள் அதிகம் வெளியே வருவதில்லை. வாசலில் செருப்பை விட்டவள், உள்ளே வராமல் அங்கேயே நின்றாள்.

"என்ன அண்ணி? உள்ள வாங்க."

"இந்தச் சத்தம்," என்றாள். "எங்க வீட்டுல வருஷக்கணக்கா கேட்ட சத்தம்."

மேசைக்கு முன்னால் வந்து நின்று, சுழலும் உருண்டைகளைப் பார்த்தாள். "நான் எடுத்துட்டுப் போகச் சொன்னதும் நீங்க யாருக்காவது குடுத்திருப்பீங்கன்னுதான் நெனச்சேன். இது என்ன, படமா?"

லிஃப்ட்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கக்கா, சொல்றேன்."

சொல்லி முடித்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள் என்று இரண்டு பேரும் பயந்தார்கள். அவள் துடைக்கவில்லை. "அவருக்கு வேலை இல்லாம இருந்தா பிடிக்கவே பிடிக்காது," என்றாள். "படுத்திருந்தப்பவும் சும்மா கிடக்குறேன், சும்மா கிடக்குறேன்னுதான் பொலம்பிட்டு இருந்தார். இதுவாவது சும்மா இல்லாம இருக்கே." பிறகு லிஃப்ட்காரரைப் பார்த்து, "மருந்து கெடைச்சிடுமா தம்பி?" என்றாள்.

"தெரியலக்கா. கெடைக்கலாம், கெடைக்காமலும் போகலாம். எது சேராதுன்னு தெரிஞ்சுக்கிறதே பாதி வேலைங்கிறாங்க."

அவள் தலையை ஆட்டினாள். அன்றைக்கு மத்தியானம் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்து, சாயங்காலம்வரை தூங்கினாள். இத்தனை மாதத்தில் அவள் அப்படித் தூங்கியதில்லை என்று அத்தை பிறகு சொன்னாள்.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து எல்லோருக்கும் ஒரு அறிவிப்பு வந்தது. கணக்குகள் எல்லாம் முடிந்துவிட்டன. அத்தனை லட்சத்தில் ஒரு கைப்பிடி அளவுதான் தேறியிருக்கிறது. அவற்றை இனி ஆய்வுக்கூடத்தில் உண்மையான செல்களில் வைத்துச் சோதிக்கப் போகிறார்கள். அதற்குப் பல வருஷம் பிடிக்கும். உதவிய அனைவருக்கும் நன்றி. இனி அனுப்பக் கணக்கு இல்லை.

"அப்ப மருந்து வந்துடுச்சா?" என்றாள் அத்தை.

"இல்ல. மலையில தேடிட்டு இருந்தாங்க, இப்ப ஒரு கூடைக்கு வந்திருக்காங்க."

"கூடையிலயாவது இருக்கட்டும்."

கம்ப்யூட்டருக்கு வேலை போய்விட்டது. மறுநாள் தொட்டில்கள் மறுபடி அல்லாடின. லிஃப்ட்காரர் வேலையிலிருந்து வந்து, தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு வேறு யாருக்காவது ஆள் வேண்டுமா என்று தேடினார். நிறையப் பேருக்கு வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார்.

"இவங்க நட்சத்திரம் தேடுறாங்க."

"தேடித் தலையில வச்சுக்கப் போறாங்களா?"

"இவங்க ரொம்பப் பெரிய எண் ஒன்னைத் தேடுறாங்க. எதாலயும் வகுபடாத எண்."

"என்னத்துக்கு?"

"தெரியல. இருக்கான்னு பாக்கத்தான்."

"எதுக்கும் மசியாத ஆளை வச்சு ஒரு வேலையும் ஆகாது. அடுத்தது."

"இவங்க மழையைப் பத்தி. எங்க எப்போ எவ்வளவு பெய்யும், வரவர ஏன் மாறிட்டே போகுதுன்னு கணக்குப் போடுறாங்க."

அத்தை நிமிர்ந்தாள். கொடியில் பிள்ளைகளின் ஈரத் துணி வரிசையாகத் தொங்கியது. வெளியே வானம் மூடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து மூன்றாவது தடவையாக அவள் அதையெல்லாம் உள்ளே எடுக்க வேண்டியிருக்கும்.

"இதைச் சொல்லாம நட்சத்திரத்தைச் சொல்லிட்டு இருக்கீங்க," என்று இடுப்பில் பிள்ளையோடு எழுந்து வந்தாள். "எதை அமுக்கணும்?"

"அந்தப் பச்சைப் பட்டன்."

அவள் அமுக்குவதற்குள் இடுப்பிலிருந்த பிள்ளை கையை நீட்டி மவுஸைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. பிடுங்கினால் அழுகை. விட்டால் எச்சில். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கிலுகிலுப்பையைக் காட்டி அதை ஏமாற்றி மவுஸை வாங்கினார்கள். பட்டனை அமுக்கியதும் பெட்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு மின்விசிறி 'உம்ம்ம்' என்று எழும்பியது. மூலையிலிருந்த தொட்டிலில் அழுதுகொண்டிருந்த பிள்ளை கொட்டாவி விட்டது.

"பேசாம இருங்க," என்றாள் அத்தை குரலைத் தாழ்த்தி, கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போனாள்.